எட்டேகால் டிகிரிச் சீம்பால்

உப்பளத்தில் வேதமணிக்கு ஒரே வேலை, தண்ணீர் பார்ப்பது. அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழாயைப் பாத்தி பாத்தியாக மிதக்கவிட்டு, தண்ணீரின் கெட்டி எத்தனை டிகிரி என்று சொல்வான். கடல் தண்ணீர் மூன்றரை. உப்பு இறங்குவது இருபத்தைந்தில். தூத்துக்குடிக்குத் தெற்கே அந்த அளத்தில் அவன் சொன்ன பிறகுதான் மடை திறப்பார்கள்.

அதே மாதிரிக் குழாய் ஒன்றைச் சீம்பாலில் விட்டுப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் இரண்டு பசு இருந்தன. ஒரே கொட்டிலில் ஒரு கன்று துள்ளுவதும், இன்னொன்று நாலாம் நாள் கழிச்சலில் சாவதும் ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. முதல் பால் கெட்டியாக இருந்தால் கன்று நிற்கிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. எவ்வளவு கெட்டி? பால் சங்கத்துப் பால்மானியை இரவல் வாங்கி விட்டுப் பார்த்தான். கோடுகள் எல்லாம் சீம்பாலுக்கு மேலே எழும்பி நின்றுவிட்டன. உப்புக் குழாயை விட்டான்; ஏழில் நின்றது. ஆறு வருஷத்தில் ஊர் மாடுகளையும் சேர்த்து முப்பத்தொன்பது ஈற்று பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து சொன்னான்: ஆறரைக்கு மேல் பயமில்லை, ஐந்துக்குக் கீழே கன்று தேறுவது கஷ்டம்.

1976 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் புறப்பட்டவனை, பின்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த வடிவம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்.

“ஏலே வேதமணி, கன்னு விழுந்துட்டு. கெடாரி. மொத ரெண்டும் போச்சு. இதும் போச்சுன்னா மாட்டை வித்துருவேன், பாத்துக்கோ.”

“பால் குடுத்தாச்சாக்கா?”

“நீ பாக்காம குடுப்பேனா?”

குழாயோடு, மழையில் பிடித்து வைத்திருந்த தண்ணீரும் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போனான். முதலில் மழைத்தண்ணீரில் குழாயை விட்டான். சுழியத்தில் நின்றது. குழாய் சரி. பிறகு செம்பிலிருந்த சீம்பாலின் நுரையை வழித்துவிட்டு, செம்பைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டுக் குத்தவைத்தான்.

“என்னலே, உக்காந்துட்ட?”

“சூடு ஆறணும்க்கா. சூட்டோட விட்டா கொறச்சுக் காட்டும்.”

“கன்னு அங்க கத்துது, நீ இங்கன காப்பி ஆத்துத!”

ஆறியது. குழாய் நாலில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டான். நாலுதான்.

“மஞ்சளைக் கரைச்ச மாதிரி இருக்கே, வேதமணி!”

“கலரை வச்சுச் சொல்ல முடியாதுக்கா. இது கடல் தண்ணியை விட அரை டிகிரிதான் கூட.” சற்று யோசித்துக் கேட்டான்: “ஈனுததுக்கு முன்னாடி கறந்தீங்களோ?”

“முந்தாநாள்ல இருந்து தானா ஒழுகிச்சு. பால் மண்ணுல விழுந்து மிதிபடலாமா? மூணு நேரம் பீச்சி எடுத்துட்டேன். போன ரெண்டு ஈத்துலயும் அப்படித்தான…”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

“அதாங்க்கா கன்னுக்குன்னு வச்சிருந்த சீம்பாலு,” என்றான் வேதமணி.

சைக்கிளை எடுத்தான். கடற்கரைப் பக்கம் வலைக்காரர் ஹென்றியின் பசு அன்று விடியக்காலையில் ஈன்றிருந்தது. அவன் போனபோது ஹென்றி முற்றத்தில் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பானை நிறையச் சீம்பால்.

“வாடே. நல்ல நேரத்துக்குத்தான் வந்த. வெந்ததும் ஒரு துண்டு தின்னுட்டுப் போ.”

“அடுப்பைப் பத்த வச்சிராதிய அண்ணாச்சி! மொதக் கறவையா இது?”

“ஆமா. எங்க கன்னு வயிறு முட்டக் குடிச்சிட்டு ஒறங்குது. இது மிச்சம்.”

குழாயைக் கழுவி, மழைத்தண்ணீரில் சுழியம் பார்த்துவிட்டு, பானையில் ஆறிக் கிடந்த பாலில் விட்டான். எட்டேகால். வடிவம்மாள் கன்றின் கதையைச் சொன்னான். ஹென்றி கருப்பட்டியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

“தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன்டே, சீம்பால் திங்க வாங்கன்னு. இப்ப வெறுங்கருப்பட்டியையா நக்கச் சொல்ல?” என்றார். அதற்குள் அவர் கை பாலைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தது.

வடிவம்மாள் கொட்டிலில் வாளியை வெந்நீரில் வைத்து, மடிச்சூடு வந்ததும், வேதமணி பாலில் விரலை நனைத்துக் கன்றுக்குச் சப்பக் கொடுத்தான். இரண்டு தரம் முகத்தைத் திருப்பியது. மூன்றாவது தரம் விரலைக் கடித்து இழுத்தது. பாதி வாளி அப்போதே தீர்ந்தது. மீதியைச் சாயந்திரம் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் வேலை முடிந்து நேரே அங்கே போனான். கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்தான். காய்ந்து சுத்தமாக இருந்தது. சாணம் இறுகியிருந்தது. வடிவம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் ரெண்டு நாள் பாக்கணும்க்கா,” என்றான்.

“நீ பாரு. மத்த ரெண்டும் இந்நேரம் தலையே தூக்கல.”

வாசலில் மாட்டுத் தரகர் வந்து நின்றார். இந்தக் கன்றும் தங்காது என்று போன வாரமே அவள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

“மாடு விக்கிறதுக்கு இல்ல, போயிட்டு வாரும்,” என்றாள் வடிவம்மாள், கன்றின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே. கன்று அவளை இடித்துத் தள்ளிவிட்டுத் தாயின் மடிக்கு ஓடியது.