இருபத்தைந்தாம் இலக்கம்

ஒஸ்லோவில் மருந்துக் கடையை அப்போதெக் என்பார்கள். உள்ளே போனதும் இலக்கத் துண்டு ஒன்றைக் கிழித்துக்கொண்டு வாங்கில் இருக்க வேண்டும். முண்டியடிக்க ஆளில்லை, பையைத் திற என்று சொல்லவும் ஆளில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வாசலில் நிற்கும் காவலாளியைக் கண்டால் என் கை தானாகவே பையின் ஸிப்பைத் திறந்துவிடும். அவர் வெட்கப்பட்டு மற்றப் பக்கம் பார்ப்பார். போன மாதம் என் முறை வந்தபோது, கவுண்டரில் நின்ற பெண் ஒரு சின்னப் பெட்டியை என் பக்கம் தள்ளி, இந்த மருந்தை முன்பு எப்போதாவது பாவித்திருக்கிறீர்களா என்று நொர்வேஜிய மொழியில் கேட்டாள். ஒரு தரம் என்றேன். அவள் கணினியில் தேடினாள், ஒன்றும் இல்லை. எங்கே என்றாள். கொழும்பில் என்றேன். எந்த வைத்தியர் தந்தவர் என்றாள். வைத்தியர் இல்லை, ஓர் ஆமிக்காரன் என்றேன். நான் ஏதோ இராணுவ ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவள் என்று அவள் விளங்கிக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டி, அதைத் தட்டச்சும் செய்துவிட்டாள். பக்கத்தில் நின்ற என் மகள் ஆரணி என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னம்மா விசர்க் கதை கதைக்கிறீங்கள்?"

வீட்டுக்குப் போய்ச் சொல்லுகிறேன் என்றேன். எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, வெட்டி எடுத்தாகிவிட்டது. இனி ஐந்து வருடம் நாளுக்கொரு குளிசை. அதன் பெயர் தமொக்சிபென். அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கையால் எழுதியது வெள்ளவத்தையில், எலிக் கூடு ஒன்றின் முன்னால் குந்தியிருந்து. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போலப் பனிக்குள் வந்து விழுந்தவர்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததற்கு எனக்கு நானே ஏசியும் கொள்கிறேன்.

யுத்தம் நடந்த வருடங்கள் அவை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், பழைய வீட்டை ஆய்வு நிலையமாக்கி வைத்திருந்தார்கள். பின்வளவில் தகரக் கொட்டில், அதற்குள் இருபத்து நான்கு வெள்ளைப் பெண் எலிகள். பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் மெடம் என்போம். உதவியாள் நான் ஒருத்திதான். வேலை விளக்கச் சுலபமானது. பெண்மைச் சுரப்பு ஏறினால் எலியின் கருப்பை பருக்கும். தமொக்சிபென் அந்தச் சுரப்பு போய் இருக்க வேண்டிய கதிரையில் தான் முந்திப் போய் இருந்துகொண்டு, வேலை செய்ய விடாது. சூலகம் எடுத்த எலிகளுக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் ஊசி போட்டு, இருபத்தோராம் நாள் கருப்பையை எடுத்து நிறுத்துப் பார்ப்போம். வேடிக்கை என்னவென்றால், சுரப்பு இல்லாமல் இதை மட்டும் கொடுத்த எலிகளில் கருப்பை கொஞ்சம் பருக்கவும் செய்தது. தடுக்க வந்ததே தூண்டியும் விடும். ஆள் எந்தப் பக்கம் என்று இடத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம் என்று மெடம் சிரிப்பார்.

மருந்தை நல்லெண்ணெயில் கரைத்து வைத்திருந்தோம். தகரக் கொட்டில் மத்தியானத்தில் அடுப்பாகக் கொதிக்கும், கரண்டும் அடிக்கடி நிற்கும். ஆகவே போத்தலை நான் பின்னேரம் என் அறைக்குக் கொண்டுபோய்க் காலையில் திருப்பிக் கொண்டுவருவேன். அறை கொட்டாஞ்சேனையில். வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதால் போத்தலைக் கறுப்புக் கடதாசியால் சுற்றி நூலால் கட்டியிருப்பேன். அந்தக் காலத்துக் கொழும்பில், அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயர் உள்ள ஒருத்தி கறுப்புக் கடதாசி சுற்றிய போத்தலோடு பஸ் ஏறுவதைப் போல மொக்கு வேலை வேறில்லை. அதைப் பதினேழு நாள் செய்திருந்தேன். பயமில்லாமல் இல்லை, பழகிப்போய்விட்டது.

பதினெட்டாம் நாள். அதற்கு முந்தின நாள் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. வெள்ளவத்தைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சிங்களச் சனம் ஒரு பக்கமாக ஏறிப் போக, நாங்கள் வெயிலில் வரிசையில் நின்றோம். எனக்கு மாதவிலக்கு வந்திருக்க வேண்டிய நாள் கழிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கலியாணத்துக்கென்று ஒஸ்லோவிலிருந்து வந்த மனிசன் திரும்பிப் போய் ஒரு மாதம். அவருக்கும் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை. காலையில் சத்தி எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

ஆமிக்காரன் கறுப்புக் கடதாசியைப் பிரித்தான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். ஆய்வுகூடம், இரசாயனம் என்று வாய் திறந்தால் நேரே பொலிஸ் ஜீப்தான் என்று கொழும்பில் குழந்தைக்கும் தெரியும். "அம்மகே பெஹெத்," அம்மாவின் மருந்து என்றேன். எண்ணெய் மாதிரி இருக்கிறதே என்றான். ஓம், எண்ணெய்தான், குடிக்கிற எண்ணெய் என்றேன். பூசுகிற எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். முழங்காலுக்கு என்று சொல்லியிருந்தால் கையில் பூசிக் காட்டச் சொல்லியிருப்பான், அவ்வளவுதான். ஆனால் பெரியபிள்ளையான நாட்களில் விடியவிடியப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடித்து, கருப்பைக்குப் பலம் என்று கேட்டு வளர்ந்த நாக்கு அது. எண்ணெய் என்றதும் அதற்குக் குடிப்பதுதான் வந்தது.

"பீலா பென்னன்ன," என்றான். குடித்துக் காட்டு.

உதட்டை மட்டும் நனைத்தேன். அவன் கண்டுவிட்டான். துவக்கு அசையவில்லை, குரலும் உயரவில்லை. "தவ டிக்கக்," இன்னும் கொஞ்சம் என்றான். வயிற்றில் பிள்ளை என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவின் மருந்துதானே, குடித்தால் உனக்கு என்ன என்று அவன் கேட்டிருப்பான். நான் சொன்ன பொய் என்னையே கட்டிப் போட்டிருந்தது. இடது கையில் அடையாள அட்டையைப் பிடித்தபடி வாய் நிறைய எடுத்து விழுங்கினேன். தொண்டைக்குள் இறங்கும்போதே மூளை கணக்குப் போட்டது. ஒரு வாய், பத்து மில்லிலீற்றர். எலிக்கு நான் போடுவது அதில் நூறில் ஒரு பங்கு. இணைந்த எலிக்கு முதல் நாட்களில் இதைக் கொடுத்தால் கரு ஒட்ட இடம் கிடைக்காது என்று வாசித்திருந்தேன். தாய்க்குக் கொடுத்தால் பிறக்கும் பெண் குட்டிகளின் கருப்பை கோணலாகும் என்றும் வாசித்திருந்தேன். அவன் மூடியைத் திருகி, போத்தலைக் கவனமாகத் திருப்பித் தந்தான். அம்மாவுக்குச் சுகமாகட்டும் என்றும் சொன்னான்.

அவன் கண்ணெதிரில் சத்தி எடுக்க முடியாது. நடந்தேன். நிலையத்துப் பின்வளவுக் குழாயடியில் விரலை விட்டு ஓங்காளித்தேன். கொஞ்சம் வந்தது, எவ்வளவு என்று தெரியாது. அழக்கூட நேரமில்லை, ஊசி போடும் நேரமாகிவிட்டது. இருபத்து நான்கு எலிக்கும் அதே எண்ணெயை ஏற்றினேன். பிறகு தமிழில் நான் எழுதிவந்த குறிப்புக் கொப்பியைத் திறந்து, இருபத்து நான்காம் இலக்கத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். இருபத்தைந்து. நிறை 51000 கிராம். வழி: வாய். அளவு, நேரம். வேறு எவரிடம் சொல்வது? அழுவதற்கும் எனக்குத் தெரிந்த முறை அதுவாகத்தான் இருந்தது.

மெடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். மத்தியானம் கொப்பியைப் புரட்டியவரின் விரல் 210, 198, 224 என்று இறங்கி வந்து 51000இல் நின்றது. என் முகத்தைப் பார்த்தார், மேசையிலிருந்த போத்தலின் குறைந்த மட்டத்தைப் பார்த்தார். சில நாட்களாக நான் சத்தி எடுப்பதையும் கண்டிருந்தவர், பிள்ளையா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். ஒரே ஒரு தரம் என்றால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், ஆகவும் கூடும், எனக்குத் தெரியாது என்றார். பொய் சொல்லாததற்காக அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். மிச்ச மூன்று நாளும் கொட்டிலுக்குள் என்னை விடாமல் தானே ஊசி போட்டார். நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்குச் செவ்வாய் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். சைவக்காரியின் நேர்த்தியை அவர் ஏற்பாரோ என்று யோசிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருக்கையில் ஒஸ்லோ வந்தேன். ஸ்கான் செய்த தாதியிடம், எல்லாம் சரியாக இருக்கிறதா, பெண் என்றால் உள்ளுறுப்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று அரைகுறை மொழியில் மூன்று தரம் கேட்டேன். அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு, இந்த நாட்டில் பெண்ணும் ஆணும் சமம், பெண் பிறந்தால் கவலைப்படக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். மனிசனும் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆரணி பிறந்தாள், கை கால் எல்லாம் எண்ணிப் பார்த்தேன். ஆனால் எண்ண முடியாதது உள்ளே இருந்தது. பதின்மூன்று வயதில் அவள் பெரியபிள்ளையான அன்று கதவைச் சாத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதேன், அத்தனை சந்தோசம். முட்டையை உடைத்துவிட்டு நல்லெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தேன். ஊற்றக் கை வரவில்லை. எண்ணெய் கொடுக்கவில்லையாமே, நொர்வேக்காரி ஆகிவிட்டாளோ என்று சொந்தக்காரர் தொலைபேசியில் ஏசினார்கள். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதெக்கிலிருந்து வந்து, குசினி மேசையில் அந்தக் கொப்பியை அவள் முன் வைத்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தமிழ் எழுத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் அவள். என் வாயை மூடி வைத்தது ஆமிக்காரன் பயம் இல்லை, இந்த நாள் வரும் என்ற பயம்தான். உன்னை ஒரு பொய்க்காகப் பணயம் வைத்தேன் என்று பிள்ளையிடம் எந்த மொழியில் சொல்வது?

"ஐம்பத்தோராயிரம் கிராம் எலியோ அம்மா?" என்று சிரித்தவள், என் முகத்தைக் கண்டு நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தடி, எண்ணெய், அம்மாவின் மருந்து, எல்லாம். அவள் எழும்பிப் போய் யன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். போய்விட்டாள், இனி என்னோடு கதைக்க மாட்டாள் என்றே நினைத்தேன். பிறகு வந்து கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இருபத்து நாலுக்கும் முடிவு எழுதியிருக்கு. இருபத்தைஞ்சுக்கு ஏன் எழுதேல்லை?"

கடைசி நிரல் கருப்பை நிறை, அதை எப்படி எழுதுவது என்றேன். அவள் பேனையை எடுத்து, இத்தனை வருடமாக வெறுமையாகக் கிடந்த அந்தப் பெட்டிக்குள் தன் பிறப்பு நிறையை எழுதினாள்: 3120 கிராம். பக்கத்தில் நொர்வேஜிய மொழியில், உயிரோடு, என்று எழுதித் தன் பெயரை வைத்தாள். பிறகு குளிசைப் பெட்டியை உடைத்து, ஒன்றை என் வலது உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை நீட்டினாள். வெள்ளவத்தையில் என் கையெழுத்தில் தொடங்கிய வரி ஒஸ்லோவில் அவளுடைய எழுத்தில் முடிந்து மேசையில் விரிந்து கிடந்தது. என் இடது கை மேசையில் அடையாள அட்டையைத் தேடியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள, நான் விழுங்கினேன்.