ஓட்டை போட்ட ஜப்பான் காசு

யுத்த காலத்தில் நம் நாட்டிலேயே ஓட்டைக் காலணா வந்ததே, அதற்கும் ஏழெட்டு வருஷம் முன்பு நடந்தது இது. ஓட்டையோடு அச்சாகிற காசு ஒன்று உலகத்தில் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் திருமயம் பக்கத்தில் காசில் ஓட்டை விழ ஒரே காரணம்தான். பிள்ளை தவழ ஆரம்பித்ததும் ஒரு காசைத் துளைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டுவோம். கண் படாமல் இருக்க.

என் வீட்டுக்காரர் கல்யாணமான ஆறாம் மாதமே பினாங்குக்குக் கப்பலேறியவர். அங்கே ஒரு கடையில் மூன்று வருஷத் தவணைக்கு வேலை. தவணை முடிந்து திரும்பிய வாரத்தில் அவருடைய தகரப் பெட்டியைத் துடைத்து வைத்தபோது, சட்டைகளுக்கு அடியில் அந்தக் காசு கிடந்தது. நடுவில் வட்டமாக ஓட்டை. எனக்குப் பிள்ளை இல்லை. அப்படியானால் இது எந்தப் பிள்ளையின் இடுப்பிலிருந்து அவிழ்ந்தது?

அக்கரைக்குப் போன ஆண்கள் சிலர் அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருப்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது எப்போதும் அடுத்த வீட்டுக் கதையாகத்தான் இருக்கும். நேரே கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வயது பத்தொன்பது, கோபம் மூக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறக்காமல் மூன்று நாள் குழம்பில் காரத்தை ஏற்றினேன். அவரோ கண்ணில் தண்ணீர் வரவர, "ஊருச் சாப்பாடு ஊருச் சாப்பாடுதான்" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். அது வேறு எரிச்சல்.

நாலாம் நாள் அவர் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டு நகை வேலை செய்யும் பத்தர், என் வளையல் ஒன்றைப் பற்றவைக்க வந்தார். ஆள் கிளம்புகிற நேரம் பார்த்து அந்தக் காசை நீட்டினேன்.

"சிநேகிதி ஒருத்தி கேக்கச் சொன்னா பத்தரே. இது புள்ளை இடுப்புல கெடந்ததான்னு பாத்துச் சொல்லுங்க."

பத்தர் அவசரப்படுகிறவர் இல்லை. ஓரத்தை உரைகல்லில் இழுத்தார். தரையில் போட்டு ஓசை கேட்டார். பிறகு வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"வெள்ளி இல்லங்க ஆச்சி. நம்ம ஓரணா மாதிரி நிக்கல் சேந்த செம்பு. சீனாக்காரன் காசுன்னா ஓட்டை சதுரமா இருக்கும். இது வட்டம். ஜப்பான் காசு. ரங்கூன் போய் வந்தவங்க ஒருத்தர் இதேமாதிரி காட்டியிருக்காங்க."

"ஓட்டை யாரு போட்டது?"

"நாம போட்டா ராசா மூஞ்சி அறுபடும்ல? இதுல பாருங்க, பூவு, எழுத்து எல்லாம் ஓட்டைக்கு எடம் விட்டு ஒதுங்கி நிக்குது. அச்சடிக்கையிலயே போட்டது. கயித்துல தொங்கியிருந்தா ஓட்டை ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கும். இது சுத்தியும் சமமா இருக்கு. மேல்பக்கந்தான் வழவழன்னு ஆயிருச்சு. கைக்குக் கை மாறி அலஞ்ச காசுங்க."

"என்ன பெறும்?"

"நம்ம புதுக்கோட்டை அம்மன் காசைக் குடுத்தா ஒரு கை உப்பாச்சும் தருவான். இதுக்கு இங்கிட்டு அதுவும் தரமாட்டான்."

ஒன்றுக்கும் பெறாத காசு! அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. நாலு நாளாக அந்த மனிதரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! வெட்கமாகவும் இருந்தது, அவர் எப்போது வருவார் என்றும் இருந்தது. ஒரு பொருளைப் பார்த்தவுடன் அது என்னவென்று நமக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஊர் வழக்கம் மட்டும்தான்.

பொழுது சாய அவர் வந்தார். வெள்ளைப் பணியாரம் சுட்டு இலையில் வைத்தேன், பக்கத்தில் காசையும் வைத்தேன்.

"அட, இது எங்க கெடந்துச்சு? ஜப்பான் கப்பல்காரன் ஒருத்தன் சில்லறையோட சில்லறையா என் தலையில கட்டிட்டுப் போனது. அவங்க ஊரு கணக்குல பத்து சென். கடைத்தெருவுல ஒருத்தனும் வாங்கமாட்டேன்னுட்டான்" என்று சிரித்தார்.

பத்தர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒத்துப்போனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அசட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரிக்க நினைத்து, முதலில் கொஞ்சம் சீண்டினேன்.

"வாங்கலைன்னா என்ன? பினாங்குல இருக்க உங்க புள்ளைக்கு இடுப்புல கட்டியிருக்கலாம்ல?"

பணியாரத்தைப் பிட்ட கை அப்படியே நின்றது.

"ஒனக்கு யாரு சொன்னா?"

அவரும் விளையாடுகிறார் என்றே நினைத்தேன். "எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

பிட்ட துண்டைத் திரும்ப இலையிலேயே வைத்தார். பிறகு, "பொம்பளப் புள்ள. இன்னும் நடக்க ஆரம்பிக்கல" என்றார்.

என் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.