மார்கழியில் கீமா சமோசா

எங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த மாதத்தில் பிறந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக் வெட்டுவார்கள். ஒருவர் கத்தியைப் பிடிக்க, மற்றவர்கள் அவர் கையைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஆளுக்கொரு பேப்பர் தட்டு வரும். அதில் ஒரு துண்டு கேக், ஒரு பிடி சிப்ஸ், ஆறிப்போன ஒரு சமோசா. நான் மரியாதைக்குத் தட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிடுவேன். டயட்டா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நிஜக் காரணத்தை யாரிடம் சொல்வது?

இங்கே சொல்கிறேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

என் அம்மா சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. அதனால் கல்யாணம் ஆனதும் நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பொம்மனஹள்ளிக்குக் குடிவந்தாள். இந்த ஊரில் தின்ன என்ன இருக்கிறது என்பது அவளுடைய நிரந்தரப் புகார். சனிக்கிழமையானால் பெரியம்மாவைப் பார்க்கிற சாக்கில் என்னை இழுத்துக்கொண்டு சிவாஜிநகர் பஸ் ஏறுவாள். அக்காவைப் பார்ப்பது என்னவோ கொஞ்ச நேரம்தான். மீதிப் பொழுதெல்லாம் தீனிக்கு. பேக்கரியில் ஜாம் பூசி, தேங்காய்த் துருவல் தூவிய ஹனி கேக் ஒரு துண்டு. அப்புறம் தில்பசந்த். தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் அடைத்த வட்ட ரொட்டியை முக்கோணமாக வெட்டிக் கொடுப்பார்கள். கடைசியாக மார்க்கெட் சந்தில், எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கீமா சமோசா.

வாங்கியதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தின்று முடித்து, முந்தானையில் உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆறிப்போகும், போதாததற்குப் பங்கும் போட வேண்டிவரும் என்பது அவள் கட்சி. அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கண்ணைக் காட்டுவாள். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவள் புடவையில் அடிக்கிற எண்ணெய் வாசனையே போட்டுக் கொடுத்துவிடும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் உணவுக்குழாயில் கட்டி வந்தது. உடம்பில் வேறு இடமா இல்லை? கடவுள் உண்டா இல்லையா என்கிற விவாதத்தில் அதற்குப் பிறகு நான் நேரத்தை வீணாக்கியதில்லை.

முதலில் சோறு இறங்காமல் போனது. அப்புறம் கஞ்சி, கடைசியில் தண்ணீரும். ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாயைச் சொருகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். ராகிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, நேரம் தவறாமல் அந்தக் குழாய் வழியாக ஊற்றுவாள். வாய் வழியாக எதுவும் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. எச்சில்கூட உள்ளே போகாது. அதைத் துப்புவதற்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மூடி போட்ட மக் இருக்கும். பசி அடங்கும், ருசி எப்படி அடங்கும்? அம்மா படுத்தபடியே சமையல்கட்டிலிருந்து வருகிற தாளிப்பு வாசனையை இழுத்து இழுத்து மோந்துகொண்டிருப்பாள்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு டாக்டரைவிட அதிகம் தெரியும். வாய்க்கு ருசியாக நாலு வாய் சாப்பிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டுப் போவார்கள். வெளியே செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி வேறு பேசுவார்கள். இந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போகிறாளே என்று. அந்த இரண்டு பேச்சும் என் காதில் விழுந்தன. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டையும் கூட்டி நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மா வாயால் சாப்பிட்டால் இருப்பாள், சாப்பிடாவிட்டால் போய்விடுவாள். வாயால் கூடாதென்று டாக்டர் சொல்வது என்னமோ தெரியாத்தனத்தில். அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். பிஸ்கட்டோ வாழைப்பழமோ எது கிடைத்தாலும் அம்மாவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைப்பேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்பாள். சாயங்காலம் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

மார்கழி மாதம் பிறந்த சமயம். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போக முடியாத குளிர். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"வர ஞாயித்துக்கெழம உன் நட்சத்திரம் வருதுடி. கேக் வெட்டலாம்."

என் பிறந்தநாள் மாசியில். அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் இது என்ன என்று கேட்டேன். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள்.

"சுவாதி மாசா மாசம் வரும். எந்த மாசம் வந்தா இன்னா?" என்றாள் பெரியம்மா. சொன்னவள் அங்கே நிற்காமல் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம். எந்தக் காலண்டரைப் புரட்டினாலும் சுவாதி மாதம் தவறாமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. நட்சத்திரப் பிறந்தநாள் கொண்டாடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த வருஷம் எனக்கு மட்டும் இரண்டு பிறந்தநாள் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். மாசி வரைக்கும் காத்திருக்க முடியாது என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் கணக்கு தப்பவில்லை. தை பிறந்த கையோடு அம்மா போய்விட்டாள்.

தின்பண்டத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் தகராறு வந்தது. எனக்கு நடுவில் பொம்மை நிற்கிற சாக்லேட் கேக் வேண்டும், சிப்ஸ் வேண்டும், கப்பில் குலாப் ஜாமூன் வேண்டும். மாடிவீட்டுப் பையனின் பார்ட்டியில் அப்படித்தான் கொடுத்தார்கள். அம்மா ஒன்றுக்கும் மசியவில்லை. ஹனி கேக், தில்பசந்த், காரா பூந்தி, கீமா சமோசா. எல்லாம் சிவாஜிநகரிலிருந்துதான் வர வேண்டும். எந்தச் சந்து, எந்தக் கடை, சமோசாவை எந்தப் பொழுதில் போனால் சூடாகப் போடுவான் என்று கட்டிலில் படுத்தபடி அப்பாவுக்கு ஒப்பித்தாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. இது என் பிறந்தநாளா உன் பிறந்தநாளா என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"உன்னுதுதான்டி. தட்டு மட்டும் என்னுது" என்றாள்.

பெரியம்மாவுக்கு வேறு பிரச்சினை. மார்கழியில் எங்கள் வீட்டில் கவிச்சி சேர்க்க மாட்டோம். கீழ்வீட்டு ஓனரம்மாவோ வெங்காயம் வதக்கினாலே மூக்கைப் பிடிக்கிறவர்.

"காலைல கோலம் போட்டு வெளக்கு ஏத்திக்கினு இருக்கோம். மார்கழில போய் கவிச்சியா?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா தலையில் கை வைத்தாள்.

"அடுத்த மார்கழிக்கு நான் சுத்தபத்தமா இருக்கறேன்கா" என்றாள் அம்மா.

அப்பா ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அவ்வளவு பேச்சுப் பேசுகிற பெரியம்மா ஒரே வார்த்தையில் தோற்றுப்போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த வருஷம் விரதம் இருப்பதாக வாக்குக் கொடுத்ததால் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். அம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டி, அதற்குமேல் ஸ்வெட்டர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவை அவள் மேல் நிற்காமல் வழிந்தது. பவுடரும் மையும் போட்டிருந்தாள். குழாய் உள்ளே மறைந்திருந்ததால் எனக்கு அவள் பழைய அம்மா மாதிரியே தெரிந்தாள். கேக் வெட்டியதும் முதல் துண்டைப் பிறந்தநாள்காரர் அம்மாவுக்கு ஊட்ட வேண்டும், அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பெரியம்மா என் கையிலிருந்த துண்டை வாங்கி அப்பாவிடம் கொடுக்கப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டி, என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

ஊட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். மெல்லவில்லை, பேசவில்லை. கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்துக் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. எத்தனை நாளாக எத்தனை பிஸ்கட் வைத்திருப்பேன், ஒன்றும் ஆகவில்லை. இதோ சாப்பிட்டுவிட்டாள்.

அப்புறம் அம்மா ஒரு தட்டை எடுத்து எல்லாவற்றிலும் ஒவ்வொன்று தானே வைத்துக்கொண்டாள். அப்பா தோளைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டுபோய் பாத்ரூமில் விட்டார். கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தட்டோடு பாத்ரூமுக்குப் போகிறார்களே என்று ஒரு பிள்ளை சிரித்தது. அப்பா திரும்பி வரவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி அங்கேயே காவல் நின்றார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே மெல்லுகிற சத்தம் கேட்டது. சமோசாவின் மொறுமொறுப்பு, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி. ரொம்ப நேரம் மென்றாள். அதற்கப்புறம் வேறொரு சத்தம். அது என்னவென்று எனக்குத் தெரியும், கட்டில் பக்கத்து மக்கில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மொறுமொறுப்பு. மறுபடியும் அதே சத்தம்.

வெகுநாள் கழித்து ஒரு சிநேகிதியிடம் மட்டும் இதைச் சொன்னேன். கடைசியில் ஆசைப்பட்டதை ருசியாவது பார்த்தாரே, அதுவே பெரிய விஷயம் என்றாள். நல்லவள், ஆறுதலுக்குச் சொன்னாள். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்து, பிடித்ததையெல்லாம் மென்று மென்று துப்புவது பெரிய விஷயம் என்றால், சின்ன விஷயம் எது? அவள் ஒரு சமோசாவை முழுங்க ஆசைப்பட்டாள். அது நடக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது பயம். சாப்பிட்டால் இருப்பாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், இவள் துப்பிக்கொண்டிருக்கிறாள். அப்பா தடுப்பதற்குள் கதவைத் தட்டினேன்.

"துப்பாதம்மா. முழுங்கும்மா."

உள்ளே சத்தம் நின்றது. குழாயையும் மூடிவிட்டாள். அப்பா என் வாயைப் பொத்தினார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. அம்மா கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. மை கன்னம் வரை கரைந்திருந்தது. சமோசா காரம் போல என்று நினைத்தேன்.

"முழுங்கிட்டேன்டி" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காய்ச்சல் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் துப்புகிற ஆள் நான். அதனால் மாத்திரை கொடுத்தால் வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் அம்மா என்னை விடுவாள். அதே மாதிரி நானும் ஆ காட்டச் சொன்னேன்.

அம்மா வாயைத் திறந்தாள். நான் சொல்லாமலே நாக்கைத் தூக்கினாள். இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள். கிட்டே போய் நன்றாகப் பார்த்தேன். ஒரு துணுக்கு இல்லை. வாயில் இல்லையென்றால் வயிற்றுக்குள்தான் போயிருக்க வேண்டும், வேறெங்கே போகும்? சமர்த்து என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு விளையாட ஓடினேன். அம்மா படுத்த படுக்கையான பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.