தப்பைத் திரும்பச் செய்தவள்

வட்டத் துண்டைக் கட்டைவிரலால் அமுக்குகிறாள். மனத்துக்குள் ஐந்து எண்ணுகிறாள். விரலை எடுத்துவிட்டு, விழுந்த குழி மேலே எழும்புகிறதா என்று பார்க்கிறாள். எழும்பவில்லை. "சீ" என்று வாளியில் எறிகிறாள். அடுத்த துண்டும் வாளிக்கே போகிறது. காலை எட்டரை மணிக்குள் ஆறு துண்டுகள் ஆறு 'சீ' வாங்கிவிட்டன. ஏழாவதைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் உடைந்த கட்டில்களை அடுக்கியிருக்கும் அறைக்கும் நடுவே இருக்கிறது செயற்கைக் கால் பட்டறை. இருபத்தாறு வருஷமாக அங்கே உறை வார்ப்பது அவள் வேலை. வெட்டியது போக மிச்சமிருக்கும் காலுக்கும் செயற்கைக் காலின் கிண்ணத்துக்கும் நடுவே மெத்தை போல ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் உரசி உரசித் தோல் கிழிந்துவிடும். அந்த மெத்தைதான் உறை. இரண்டு டப்பா ரப்பர் மருந்தை அளந்து கலந்து, முதலில் ஒரு வட்டத் துண்டு வார்த்து அமுக்கிப் பார்ப்பாள்; அது தேறினால்தான் உறையை அச்சில் ஊற்றி, சூட்டுப் பெட்டியில் வைத்து எடுப்பாள். வாய்க்கு வாய் 'சீ' போடுவதால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குச் 'சீயக்கா' என்று பெயர். தலைக்குத் தேய்த்துக்கொள்வதை நினைத்து யாரும் வைக்கவில்லை. ஆனாலும் கண்ணில் பட்டால் எரியும் என்ற வகையில் பொருத்தமான பெயர்தான்.

அவளுக்குப் பிடிக்காதவர்கள் ஏராளம். 'பரவாயில்லை' என்பவர்களைப் பிடிக்காது. கை கழுவிய ஈரத்தோடு கலவை அறைக்குள் வருபவர்களைப் பிடிக்காது. எல்லோரையும்விட, புதுக் காலைப் போட்டுக்கொண்டு நாலடி நடந்துவிட்டு, "வலிக்கலைங்க, நல்லாயிருக்கு" என்று கும்பிடும் நோயாளிகளைப் பிடிக்காது. "பொய் சொல்லாத. வலது தோள் ஏன் தூக்குது? காலுக்குப் பதிலா தோள்தான் சொல்லுது பாரு, உண்மையை" என்று காலைக் கழற்ற வைத்துவிடுவாள். மரியாதைக்காக வலியை மறைப்பவர்களிடம் அவளுக்குத் துளி இரக்கம் கிடையாது.

பொறியாளர் தனி ரகம். பட்டறை அவர் பொறுப்பில் இருக்கிறது. சட்டைப் பையில் மூன்று பேனா, மேஜைமேல் ஒரு தூசி இருக்காது. வேலை நடக்கும் மேஜையில் தூசி இல்லாமல் எப்படி இருக்கும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. மேலிடத்திலிருந்து பார்வையிட ஆள் வருகிற நாளில் மட்டும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு அலைவார். மறுநாள் கை மறுபடி மணிக்கட்டுக்கு இறங்கிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு பார்வை நாளில்தான் அந்தத் தப்பு நடந்தது.

லாரிக்காரருக்கு உறை வார்க்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். விபத்தில் முட்டிக்குக் கீழே கால் போன பிறகு மர டிப்போவில் நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலையில் இருந்தார். மூன்று உறை மாற்றியும் புண் ஆறவில்லை. இனியும் புண் வந்தால் முட்டிக்கு மேலே வெட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலாவது உறையை அவள் அச்சிலிருந்து பிரித்தபோது கொழகொழவென்று கையில் தொங்கியது. தொட்டால் நடுங்கியது. இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கை அப்படி ஒன்றை வார்த்ததில்லை. வெட்கத்தில் அவள் காது சிவந்தது. யாரும் பார்ப்பதற்குள் வாளியில் போடப் போனாள்.

"அதை ஏன்க்கா எறியறீங்க?" என்று பெஞ்சிலிருந்து லாரிக்காரர் கேட்டார்.

"குப்பை."

"குடுங்க, பாக்கறேன்."

"காலுல போடற பொருளா இது? மூக்கைச் சிந்திப் போட்ட மாதிரி இருக்கு."

அவர் எட்டிப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். அதன் மேல் பழைய காலைப் போட்டு எழுந்தார். பிறகு பட்டறையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். அவள் வழக்கம்போல அவருடைய தோளைப் பார்த்தாள். தோள் தூக்கவில்லை.

"நான் கழட்ட மாட்டேன்க்கா," என்றார். கழற்றவும் இல்லை. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

சரியாக வார்க்காத பொருளை நோயாளியிடம் கொடுத்ததற்காகப் பொறியாளர் அவளுக்கு மெமோ கொடுத்தார். 'கவனக்குறைவு' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார். பேனாவுக்கு அன்று அதுதான் வேலை.

இருபது நாள் கழித்து லாரிக்காரர் வந்து காலைக் கழற்றிக் காட்டினார். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். அவள் குனிந்து, விரலால் தடவி, முகர்ந்தும் பார்த்தாள். 'சீ' என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே அதே மாதிரி இன்னொன்று வார்க்க உட்கார்ந்தாள்.

வரவில்லை.

சரியாகச் செய்வதைத் திரும்பச் செய்யலாம். எப்படிச் செய்தோம் என்றே தெரியாத தப்பை எப்படித் திரும்பச் செய்வது? மருந்தைக் கூட்டினாள், ஒட்டிக்கொண்டது. குறைத்தாள், இறுகவே இல்லை. சூட்டைக் குறைத்தாள், மழை நாளாகப் பார்த்து வார்த்தாள், அன்று கட்டியிருந்த புடவையைக்கூடக் கட்டிக்கொண்டு வந்து வார்த்தாள். அந்தப் புடவை விஷயத்தை யாராவது இப்போது எடுத்தால் முறைப்பாள். வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று துண்டு. எல்லாம் வாளிக்குப் போயின.

பொறியாளர் வாசலில் நின்று சிரித்தார். "தப்பு பண்றதுக்கு இவ்வளவு கஷ்டப்படற ஆளை நான் பார்த்ததே இல்லம்மா. இந்த மாதிரி மெத்து உறையெல்லாம் பெரிய கம்பெனி கேட்லாக்ல எப்பவோ வந்தாச்சு. நாம வாங்கற விலையில இல்ல, அவ்வளவுதான்."

"அந்தப் படத்தைக் கிழிச்சுக் காலுல கட்டிக்கிட்டு நடக்க முடியுமா சார்?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எது வரவே இல்லை என்று முப்பது வருஷமாக எழுதுகிறவர். வீட்டில் அவர் குரல் உயர்ந்ததில்லை. உயர இடமும் இருந்ததில்லை. ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டே, "எறியறதையெல்லாம் எழுதி வைக்கிறியா?" என்று கேட்டார்.

"எறியறதை எதுக்கு எழுதணும்?"

"வராத பஸ்ஸையும் எழுதினாத்தான் கணக்கு சரியா வரும்."

"உங்க பஸ்ஸும் நீங்களும்," என்றாள். மறுநாள் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். நோட்டு வாங்கியதை மூன்று மாதம் அவரிடம் சொல்லவில்லை.

நூற்றெழுபதாவது துண்டும் வாளியில் விழுந்த பிறகு அவள் லாரிக்காரரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நூத்தெழுபது வார்த்தாச்சு, வரலை. அந்த உறையை எங்கிட்ட குடு. அறுத்துப் பாக்கணும்."

அவர் இரண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொண்டார். "அறுத்துட்டா நான் என்னக்கா பண்றது?"

"நீ ஒருத்தன் நடக்கறதுக்கு மத்தவங்கள்லாம் புண்ணோட கிடக்கணுமா?"

"கெடக்கணும்னு நான் சொல்லலை. ஆனா இதை அறுத்துட்டு உங்களால திரும்ப செய்ய முடியலைன்னா? நூத்தெழுபது தடவை முடியலையேக்கா."

அவள் கத்தியை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, "போ. போய் நில்லு உன் டிப்போவுல" என்றாள். அந்த ஆள் சொன்னது நியாயம் என்பதுதான் அன்று முழுக்க அவளை அறுத்தது.

பத்தொன்பதாவது மாதம் உறை தானாகவே கிழிந்தது. லாரிக்காரர் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு, அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கி வருகிறவர் முகம் போல இருந்தது அவர் முகம். அவள் வாங்கிப் பழுப்புக் காகிதத்தின் மேல் வைத்தாள். அறுக்க மனம் வரவில்லை, மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் எடுத்தபோது காகிதத்தில் வட்டமாக ஒரு கறை. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

எண்ணெய். விரலில் வழுக்கியது, வாசனை இல்லை, சோப்புப் போட்டாலும் போகவில்லை. அவள் கலக்கும் இரண்டு டப்பாவிலும் எண்ணெய் கிடையாது.

அடுத்த நாலு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஆஸ்பத்திரியில் எண்ணெய் போடும் இடமெல்லாம் போய்த் தொட்டுப் பார்த்தாள். சக்கர நாற்காலி, லிஃப்ட், துணி பிழியும் இயந்திரம், அறுவை அறைக் கதவு. "சீயக்காவுக்கு முத்திப்போச்சு" என்று நர்சுகள் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் நடைப் பயிற்சி அறையில், நோயாளிகள் நடந்து பழகும் ஓடுபட்டை இயந்திரத்தின் அடியில் விரலை விட்டாள். அதே வழுக்கல்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டாள். "இந்த எண்ணெய் எங்க ரூமுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்க ரூம் எண்ணெய் உங்க ரூமுக்கு எதுக்குக்கா வருது? நான் அதைத் தொடறதே இல்ல. உங்க சார்தான் ஒரு நாள், மேலிடத்து ஆளுங்க வந்தப்ப, நானே போடறேன்னு போட்டாரு. ஊத்தறதுக்கு உங்க ரூம்லேர்ந்து அளவு கப் எடுத்துட்டு வந்தாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "திருப்பி வெச்சுட்டாரேக்கா," என்றாள்.

"வெச்சாரு. கழுவாம வெச்சாரு."

பத்தொன்பது மாதம் தான் செய்யாத தப்பைத் தன் ஞாபகத்துக்குள் தேடியிருக்கிறாள். காரணமில்லாமல் ஒரு நல்ல புடவையைக் கறையாக்கியிருக்கிறாள். அங்கேயே ஓடுபட்டையின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து அந்தப் பெண் பார்த்ததில்லை. பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "தண்ணி வேணாம். அந்த எண்ணெயில ஒரு கப் குடு. கழுவின கப்புல குடு."

பொருள் தெரிந்துவிட்டது, அளவு தெரியவில்லை. எண்ணெய் கூடினால் வியர்ப்பது போலக் கசிந்தது. குறைந்தால் பழைய கதை. இன்னும் எட்டு மாதம். அதற்குள் லாரிக்காரரின் புண் திறந்துகொண்டது, டாக்டர் அறுவைக்கு நாள் குறிக்கிறேன் என்றார். அவள் டாக்டர் அறைக்கே போய், "ஒரு மாசம் பொறுங்க. அப்புறம் உங்க கத்தியை எடுங்க" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் வந்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றேழாவது துண்டில் குழி மெதுவாக எழும்பியது. தோலுக்கு ஆகுமா என்று டாக்டர்கள் சோதித்து முடித்ததும் முதல் உறை லாரிக்காரருக்குப் போனது. முட்டி தப்பியது. இன்று தொண்ணூறு பேர் அந்த உறையில் நடக்கிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். பொறியாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்னிக்கு என் கையால நடந்த ஒரு சின்னத் தவறு, இன்னிக்கு எத்தனை பேரை நடக்க வெச்சிருக்கு. தவறு செய்யப் பயப்படக் கூடாது. நான் பயப்படலை" என்றார். கண்கூடக் கலங்கியது. அறை முழுக்கக் கைதட்டியது. அதற்குப் பிறகு அவளையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் எழுந்து ஒலிபெருக்கியைத் தள்ளிவைத்தாள். அது இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

"தப்பா இருந்தப்ப அது என்னுதா இருந்துச்சு. மெமோ குடுத்தீங்க. கண்டுபிடிப்பா ஆனதும் உங்களுதா ஆயிடுச்சு. சரி, வெச்சுக்கங்க சார். அந்த ஒரு நாள் உங்களுது. மிச்சம் ரெண்டேகால் வருஷம் எங்கிட்டயே இருக்கட்டும்."

உட்கார்ந்துவிட்டாள். லாரிக்காரர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். பொறியாளர், "அக்காவுக்கு எப்பவும் தமாஷ்தான்" என்று ஒலிபெருக்கியில் சொல்லி, தானே அதற்கும் கைதட்டிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள வாசலுக்குப் போனார்கள். நடைக்கூடத்தில் ஒரு டீச்சர், புது உறை போட்டு இரண்டு மாதம் ஆனவர், அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "நல்ல நாள் அதுவுமா சொல்லக் கூடாது. உறை நல்லாத்தான் இருக்கு. ஆனா மத்தியானத்துக்கு மேல நடந்தா உள்ள ஏதோ சளக் சளக்னு சத்தம். பசங்க சிரிக்கறாங்க. பரவாயில்ல, நான் சமாளிச்சுக்கறேன்."

"இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு டீச்சர்," என்று பொறியாளர் வந்து, "சீக்கிரம் வாங்கம்மா, உங்களுக்காகத்தான் நிக்கறோம்," என்று அவளை அழைத்தார். படம் எடுப்பவரும் கையை ஆட்டினார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்துக்காகக் கட்டிய புடவையோடு தரையில் மண்டியிட்டு, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, டீச்சரின் முட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தாள்.

"நட," என்றாள்.