சோப்பு உறையின் பின்பக்கம்

நீலகிரியில் உயரமானவை இரண்டு. ஒன்று தொட்டபெட்டா, இன்னொன்று எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக் கடைசி வீட்டு ஈவ்லின் பெரியம்மா. இதில் தொட்டபெட்டா கொஞ்சம் குட்டை. பெரியம்மா தும்மினால் கூடலூரில் பஸ் நிற்கும். தேவர்சோலைப் பக்கம் இறங்குகிற யானைகள் அவர் வாசலைத் தாண்டும்போது காதை ஆட்டாமல், சத்தம் போடாமல், வேலை தேடி வந்தவர்கள் போலப் போகும். நம்பாதவர்கள் யானையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உண்மையில் அவர் என் தோள் உயரம்தான் இருப்பார். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் இருபது வயதுக்கு முன்பே கொழுந்து பறிக்கப் போய், முதுகு கூன் விழுந்த பிறகுதான் நின்றார். கல்யாணம் இல்லை. அவர் அப்பா சுவிசேஷமுத்து இலங்கைத் தோட்டங்களில் உபதேசியார். சம்பளம் வாங்காமல் லயம் லயமாகப் போய் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது பெரியம்மாவையும் அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். அண்ணன் அம்புரோஸ் மட்டும் வரவில்லை. கலவரத்துக்குப் பயந்து மலையைவிட்டு வன்னிக்கு ஓடிய குடும்பங்களுக்கு யார் ஜெபம் சொல்வது என்று கேட்டு, அங்கேயே நின்றுவிட்டார்.

தலைமன்னார் துறையில் பெரியம்மா அவரிடம் கடைசியாகச் சொன்னது இது: "நீ வராட்டிப் போ. ஒனக்குக் கடிதமே போட மாட்டேன்."

பதினாறு வயதுக் கோபம். நீலகிரிக்கு வந்து சேர்ந்த வாரமே முதல் கடிதம் போட்டார். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. ஆரம்பத்தில் பதில் வந்தது. சண்டை பெரிதானதும் பதில் நின்றது. கடைசிச் சண்டைக்குப் பிறகு ஆளே இல்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. பதில் நின்ற பிறகு தான் போட்ட கடிதங்கள் அவருக்குப் போயினவா, இல்லை துறைமுகத்தில் சொன்னபடியே தங்கச்சி நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தாரா? பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பாதிரியார் சொர்க்கம் பற்றிப் பேசும்போதுகூட அவர் முகத்தில் அந்தக் கேள்விதான் இருக்கும்.

போன வருஷம் ஒரு பை வந்தது. ஈரோட்டுப் பக்கம் அகதி முகாமில் இருக்கிற ஒரு பெண், இத்தனை காலம் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்து, சபைக்காரர்கள் மூலம் விசாரித்துக் கொடுத்தனுப்பியது. உள்ளே அம்புரோஸின் காகிதங்கள். அதற்குள் பெரியம்மாவின் கண்ணில் புரை விழுந்து, பக்கத்தில் நிற்கிற என்னையே கோட் ஸ்டாண்டு என்று நினைத்துக் குடையை மாட்டப் பார்த்தார். ஆபரேஷன் என்றால் மாட்டேன் என்று பிடிவாதம்.

எனக்கும் அப்போது வேலையில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு என்னைக் கைவிட்டிருந்தது. காணிக்கைப் பைக்குள் ரப்பர் பல்லி போட்ட குற்றத்துக்காகப் பாதிரியார் தண்டனை சொன்னார்: "ஜீவா, ஞாயித்துக்கிழமை தோறும் ஈவ்லினம்மாவுக்கு உக்காந்து வாசிச்சுக் காட்டு."

முதலில் அப்பாவின் குறிப்புகளை வாசித்தோம். அவர் அக்கரையிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்தவை. கலவரக் கும்பல் தோட்டத்துக்குள் வந்த இரவு, சபையார் திராட்சரசம் குடிக்கும் இராப்போஜனப் பாத்திரத்தை ஒரு தேயிலைச் செடிக்கடியில் புதைத்திருக்கிறார். "விடிந்ததும் தேடினோம். எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருந்தன" என்று எழுதியிருந்தார். நான் சிரித்துவிட்டேன்.

"சிரி, சிரி. எங்கப்பாவும் இதச் சொல்றப்ப சிரிப்பாரு. கடைசி வரிக்கு மட்டும் சிரிக்க மாட்டாரு" என்றார் பெரியம்மா.

கடைசி வரி: "பாத்திரம் போனால் போகிறது. அதில் குடித்தவர்கள் எங்கே?"

பிறகு அம்புரோஸின் பை. பென்சில் எழுத்து. பள்ளிக்கூட நோட்டுத் தாள், பிறகு மருந்துப் பெட்டி அட்டை, பிறகு சிமெண்டுப் பை கிழிசல். "பதுங்குகுழிக்குள் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். தண்ணீர் இல்லை. ஆறிப்போன தேத்தண்ணி இருந்தது. நாம் தோட்டத்து ஆட்கள் என்பது கர்த்தருக்குத் தெரியும்."

"சீனி போட்டதா, போடாததா?" என்றேன்.

"அந்த நேரத்துல சீனிக்கு எங்கடி போறது?" என்று என் மண்டையில் குட்டினார்.

அடியில் கடைசியாக ஒரு சோப்பு உறை. அதன் பின்பக்கம் ஒரே வரி: "ஈவ்லினுக்கு எழுத வேண்டும். கடதாசி இல்லை."

கடுதாசி என்றுதான் எழுத நினைத்திருக்கிறார், டு-வுக்குச் சுழி போட மறந்துவிட்டார், குண்டு விழுகிற இடத்தில் யாருக்குத்தான் எழுத்துப்பிழை வராது? தங்கச்சியிடமிருந்து கடுதாசி இல்லை. அப்படியென்றால் பதில் நின்ற பிறகு போட்டதில் ஒன்றுகூடப் போகவில்லை. பெரியம்மா தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"ஈவ்லின் போட்ட கடுதாசிகள் எல்லாம் கிடைத்தன" என்று வாசித்தேன்.

"திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். அடுத்த ஞாயிறும் அதையே கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும். பிறகு திடீரென்று, "கோயம்புத்தூருக்குப் போய்க் கண்ண அறுத்துக்கிறேன்" என்றார்.

பாதிரியார் அல்லேலூயா என்றார். எனக்கு மட்டும் அல்லேலூயா வரவில்லை.

அவர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து, டாக்டர் வாசிக்கலாம் என்று சொன்ன அன்று ஆளனுப்பிக் கூப்பிட்டார். பை மடியில் திறந்து கிடந்தது.

"சோப்பு ஒறை எங்க?"

"எலி தின்னிருக்குமுங்க பெரியம்மா. சோப்பு வாசத்துக்கு எலி வருமுங்க."

"அந்த எலி ரெட்ட சடை போட்டிருக்குமா?"

என் பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைந்தது. வெளியே கொழுந்து வண்டி போய் முடிந்ததும் உறையை என் பக்கம் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"அது வந்துங்க... உங்க கடுதாசி எதுவும் வரலைன்னு. நான் வேணும்னு..."

"கழுத. எங்க பக்கத்துல கடதாசின்னா வெறுந்தாளு. எனக்கு எழுதணும், எழுதத் தாளு இல்லன்னு எழுதியிருக்கான்." சோப்பு உறையைத் திருப்பினார். முன்பக்கம் முழுக்க அச்சு, நகத்தளவு இடம் இல்லை. "இதான் அவன் கையில மிஞ்சுன தாளு."

"அப்ப உங்க லெட்டரு போச்சுங்களா, இல்லீங்களா?"

"இதுல அது இல்லடி." கண்ணாடியைக் கழற்றினார். கண் விளிம்பு சிவந்திருந்தது. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இனிமே எதுலயும் இருக்காது. பைல இதான் கடைசி."

நான் தரையைப் பார்த்தேன்.

"எழுதணும்னு நெனச்சிருக்கான்" என்றார் மெதுவாக, தனக்கே. அதை மறுபடியும் ஒருமுறை சொன்னார். பிறகு உறையை மடிக்காமல் அப்பாவின் வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

"நான் மாத்தி வாசிச்சத ஆபரேஷன் பண்ணித்தானே கண்டுபிடிச்சீங்க?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"மொத நாளே தெரியும். எங்கண்ணன் ஆயுசுல கடுதாசின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. எங்களுக்கு அது கடிதம். என்னமோ பொல்லாத வரியா இருக்கும், புள்ள மறைக்குதுன்னு பயந்துதான் கண்ணக் காட்டவே போனேன்."

"அப்ப ஏனுங்க திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னீங்க? நான் எத்தன சூப்பரா நடிச்சேன்!"

"நடிச்சாளாம், நடிச்சா!" பெரியம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தார். "ஒவ்வொரு தடவையும் மூக்க உறிஞ்சிக்கிட்டேதானடி வாசிச்ச?"