கார்டைக் காட்டியதும் வந்த நோய்

இன்று காலை எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இலவச ரத்த அழுத்த முகாம் போட்டிருந்தது. நானும் போய்க் கையை நீட்டினேன்.

"நூத்தி முப்பது. பயப்பட ஒண்ணுமில்ல சாரே, உப்பு கொறைச்சா மதி, அது போதும்" என்றார் மலையாளி நர்ஸ்.

நான் எழுந்தபோதுதான் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதைக் கவனித்தார்.

"இன்சூரன்ஸ் கார்டு உண்டோ?"

அரசாங்கம் கொடுத்த கார்டு. இப்போது தனியாரிடமும் செல்லுமாம். எடுத்துக் கொடுத்தேன்.

பக்கத்து மேஜையில் இருந்த டாக்டர் அதை வாங்கினார். என்னைப் பார்க்கவில்லை. கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கும் ரெண்டு நாள் அட்மிட் ஆகுங்க. சும்மா ஒரு அப்சர்வேஷன்."

"நூத்தி முப்பதுக்கா?"

"பிராயம் ஆயில்லே சாரே, வயசாச்சே" என்றார் நர்ஸ்.

எனக்கு நாற்பத்தொன்று.

எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு மணி மாமா, சட்டைப்பையில் இருந்த தன் கார்டை எடுத்து மெதுவாக வேஷ்டி மடிப்பில் செருகினார். "எங்கிட்ட கார்டே கெடையாது, கேட்டேளா?" என்றார் என் காதில்.

எனக்கு நாளைக் காலை படுக்கை தயார் என்று இதற்குள் இரண்டு முறை போன் வந்துவிட்டது. மாமா பூரண ஆரோக்கியத்துடன் வாசலில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் கார்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?