ஒட்டாத நீலம்

போன வருடம் ஆடி மாதம், புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டின் பின்பக்கம் கூரை இறக்கிய பத்தியில் நடந்தது இது. அப்போது நான் ஊர் ஊராகத் தண்ணீர் கொடுக்கும் பவுசர் லொறி ஓடிக்கொண்டிருந்தேன். கிணறுகள் வற்றும் காலம். விடிய வெளிக்கிட்டால் பொழுது சாயத்தான் வீடு. அந்தக் களைப்போடு வந்து மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ற் அடிக்கச் சொன்னது யார் என்று கேட்கிறீர்களா? ஒருவரும் சொல்லவில்லை. நானாகத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துணுக்காயில் வயல் செய்கிறவர். அவர்கள் பகுதி சீதனமாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அங்கே பஸ் வருவதே அதிசயம், தங்கச்சியோ முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். வாகன இறக்குமதியை நிறுத்திய நாளில் இருந்து புதுச் சைக்கிளின் விலையை நினைத்தாலே தலை சுற்றியது. எங்களிடம் இருந்த பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளைப் புதிதாக்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். மாப்பிள்ளைக்கு நீலம் பிடிக்கும் என்று தங்கச்சி சொன்னாள்.

அந்தச் சைக்கிள் அண்ணாவுடையது. சண்டை இறுகிப் பாதை பூட்டுவதற்கு முன்னர் வவுனியாவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். முள்ளிவாய்க்கால் வரைக்கும் எங்களோடு இருந்த அண்ணாவைப் பிறகு காணவில்லை. சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. அம்மா அண்ணாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு போகாத இடமில்லை. முழங்கால் ஏலாமல் போன பிறகுதான் வீட்டில் இருக்கிறார். சைக்கிளுக்கு நீலம் அடித்துத் தங்கச்சிக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சரி, சம்மதம்தான் என்று நானும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

பெற்றோல் தாங்கியையும் பக்க மூடிகளையும் கழற்றி, தண்ணீர் விட்டுச் சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். நெளிந்த இடங்களுக்குப் பட்டி வைத்து மறுபடியும் தேய்த்தேன். கையில் ரேகையே மிஞ்சாது போலிருந்தது. அடிப்பூச்சாக அண்டர்கோட் அடித்து, தாங்கியைப் பத்தியின் கூரை வளையில் கம்பியால் தொங்கவிட்டேன். மறுநாள் முழுக்கக் காய்ந்தது. பின்னேரம் வந்து தூசியைத் துணியால் தட்டிவிட்டு, சிநேகிதனிடம் இரவல் வாங்கிய, பெயின்ற் விசிறும் கொம்பிறசரால் நீலத்தை அடித்தேன்.

பக்க மூடிகள் கண்ணாடி மாதிரி வந்தன. தாங்கியின் மேற்பக்கத்தில் மட்டும் பெயின்ற் ஒட்டாமல் விலகி விலகி, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்தது. அழாத குறை. தேய்த்து எடுத்து, திரும்ப அண்டர்கோட் அடித்து, திரும்பக் காயவிட்டு, திரும்ப நீலம் அடித்தேன். திரும்பவும் குழி, அதுவும் அதே இடத்தில். ஆடிக் காற்றைத் திட்டினேன், பெயின்ற் கடைக்காரரைத் திட்டினேன். சிநேகிதன் வந்து பார்த்து, எங்கேயோ எண்ணெய் படுகிறது என்றான். பத்திக்குள் எண்ணெய் எங்கேயிருந்து வரும் என்று அவன் மேலும் எரிந்து விழுந்தேன். பாவம், கொம்பிறசரையும் தந்து பேச்சும் வாங்கினான்.

மூன்றாம் முறையும் அண்டர்கோட் அடித்துத் தொங்கவிட்டேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எழும்ப மனமில்லாமல் பாயில் கிடந்தபடி யன்னலால் பார்த்தேன். அம்மா முழுகி, தினமும் செய்வது போலத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு பத்திக்கு வந்தார். எண்ணெய் காயாத உள்ளங்கையைத் தாங்கியின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார். குழி விழுந்த அதே இடம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எழும்பிப் போனேன்.

"என்னம்மா செய்யிறியள்?"

அம்மா திடுக்கிட்டுக் கையை எடுத்தார். 

"ஒவ்வொரு நாளும் தொட்டுப்போட்டுத்தானே தம்பி அடுப்பு மூட்டுறனான். நீ நீலம் அடிச்சால், அவன் வரேக்க தன்ர சைக்கிளை எப்பிடி அடையாளம் காணுவான்?"

கோபம் போன இடம் தெரியவில்லை.  இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். அம்மா அந்தச் சைக்கிளைத் தொடுவது எனக்குத் தெரியாது. அந்த நேரம் நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்கு வெளிக்கிடும் அவசரத்தில் நிற்பேன். இதைக் கொடுக்கவேண்டாம், தங்கச்சிக்கு வேறு வழி பார்க்கிறேன் என்றேன். அம்மா மறுத்துவிட்டார்.

"பெட்டைக்குக் குடு. அது ஓடித் திரியட்டும். நிறத்தை மட்டும் மாத்தாத."

மாப்பிள்ளைக்குத் தொலைபேசியில் விசயத்தைச் சொன்னபோது, சிவப்பே இருக்கட்டும் அத்தான் என்றார் அவர். சீற்றுக்குக் கீழே வெயில் படாமல் மிஞ்சியிருந்த பழைய சிவப்பைப் பார்த்து அம்மாவே நிறத்தைத் தெரிவு செய்தார். எண்ணெய் போகத் தாங்கியைத் தின்னரால் துடைத்து, அவ்வளவையும் சிவப்பாக அடித்தேன். ஒரு குழிகூட விழவில்லை. காயும் வரைக்கும் அம்மா பத்திப் பக்கமே வரவில்லை. பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப தொடலாமோ?"

"ஓமம்மா. தொடுங்கோ."

சைக்கிள் இப்போது துணுக்காயில் ஓடுகிறது. அம்மா அங்கே போனால் வீட்டுக்குள் கால் வைக்க முதல் அதனிடம்தான் போகிறாராம். தாங்கியில் பதியும் எண்ணெய்க் கையைத் தங்கச்சி துடைப்பதில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று. வீட்டில் எதையாவது பழசென்று தூக்கினால், அவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லும் வரைக்கும் காத்து நிற்கிறேன்.